பிராண்ட்வோல்டு அம்மாளின் பேஸ்பால் அட்டை

தட்டிலிருந்த தண்ணீரில் பந்து வீசுபவரின் தொப்பி கரைந்துகொண்டிருந்தது. முதலில் நூல் மாதிரி கொஞ்சம் நீலம் இறங்கியது. பிறகு தொப்பியே இல்லை. ராய்ஸ் டெம்ப்ளின் மேஜை விளக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் இழுத்தார்.

ஊறப்போடுவது அவருக்குப் புதிதல்ல. அந்தக் காலத்துப் பிள்ளைகள், தின்பண்டங்களோடு இலவசமாக வரும் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டித் தொலைத்திருப்பார்கள். யார் வெளியிட்டது என்ற விவரமோ பின்பக்கத்தில்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் உரிந்து வந்துவிடும். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பன்னிரண்டு வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு. ஒரு அட்டையிலும் சாயம் போனதில்லை.

ஆனால் இது ஆல்பத் தாளில் ஒட்டியபடியே வாங்கி வந்த இரவல் அட்டை. 1953இல் உள்ளூர் ஓட்டர்ஸ் அணிக்காக அந்த வட்டாரத்தில் மட்டும் வெளியானது. மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். சாசேஜ் இறைச்சிப் பொட்டலத்தில் வைத்துக் கொடுத்ததா, பேக்கரியில் கொடுத்ததா என்று கண்டுபிடித்து சேகரிப்பாளர் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று, படத்திலிருப்பவரின் மனைவி ஆடில் பிராண்ட்வோல்டு அம்மாளிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். தண்ணீர் காட்ட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அதை வாங்கிப்போக அம்மாளின் மகன் வருகிறார். மகன்தான் அந்த மாவட்டத்துப் போலீசுக்கெல்லாம் தலைவரான ஷெரிஃப்.

அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. இந்த வெள்ளையைப் பார்க்கவா இவ்வளவு பாடு!

மை உறிஞ்சும் தாளில் வைத்து ஒற்றினார். முகம் தாளோடு போய்விட்டது. தலை உலர்த்தும் கருவியைப் பிடித்தார். அட்டை அப்பளம் மாதிரி சுருண்டது. சுருக்கத்தை எடுக்க இஸ்திரி போட்டார். வீடெல்லாம் தீய்ந்த வாசனை.

அவருடைய மனைவி லோர்னா எட்டிப்பார்த்தாள்.

"என்னத்தைப் பொசுக்கினீங்க?"

"ஷெரிஃபோட அப்பாவை."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

சொன்னால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது. இரவல் வாங்கியதைக் கெடுத்தவனுக்கு இந்த ஊரில் யாரும் ஒரு அட்டை காட்ட மாட்டார்கள். அதைவிட, ஷெரிஃபின் இடுப்பில் துப்பாக்கி தொங்கும். நல்லவேளை, ஊறப்போடுமுன் கணினியில் படம் எடுத்து வைத்திருந்தார். அதையே அச்சடித்து, காலை உணவுப் பெட்டியின் அட்டையில் ஒட்டி, டீத்தண்ணீர் தடவிப் பழசாக்கி, மூலைகளைத் தேய்த்து, தன்னிடமிருந்த பழைய ஆல்பத் தாள் ஒன்றில் ஒட்டினார். பாழாய்ப்போன கணினி படத்தைத் தானாகவே அழகுபடுத்தி, பந்து வீசுபவருக்குப் பத்து வயதைக் குறைத்திருந்தது. மாற்றி அச்சடிக்கலாமென்றால் மை தீர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு வாசற்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஷெரிஃப் லார்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். காபி வேண்டாம் என்றார். ஆல்பத் தாளை ஜன்னலருகே கொண்டுபோய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு முகர்ந்தார். சமையலறையில் லோர்னா ஒரே கோப்பையை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்லை."

ஷெரிஃப் மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு நேரம்தான் பார்ப்பார் மனுஷன்! எங்கே தவறு கண்டார், ஜெயிலில் எத்தனை நாள் என்றெல்லாம் ராய்ஸின் புத்தி ஓடியது. இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது.

"ஷெரிஃப், நான் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். தண்ணியில போட்டுட்டேன். இது அந்த அட்டையே இல்லை. மன்னிச்சிடுங்க."

ஷெரிஃப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். தாளைப் பத்திரமாக உறையில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தபடியே சொன்னார்:

"அம்மா முதல்முதலா ஆராய்ச்சிக்குன்னு கொடுத்தது எலி கடிச்ச பாதி அட்டைதான், மிஸ்டர் டெம்ப்ளின், வாங்கிட்டுப் போனவங்கள்ல நீங்க அஞ்சாவது ஆளு, எங்கப்பா தடவைக்குத் தடவை அழகாத்தான் திரும்பி வர்றாரு."