பத்து இருபது கலசப்பாக்கம் வண்டி

துப்புரவு வேலைக்கு வந்த உண்ணாமலை சுவர் மூலையில் குந்திக்கொண்டு முக்கால் மணி நேரமாக வெற்றிலைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தூள் போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் போட்டாயிற்று. கறை அசையவில்லை. சுற்றி இருந்த சுவர்தான் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நாளைக்குக் கடை தொறப்பு. அதுக்குள்ள எவனோ துப்பிட்டுப் போயிக்கீறான்," என்றார் கடை முதலாளி சம்பந்தம். "உடாத, நல்லா தேயி."

பெயிண்ட் டப்பாவோடு உள்ளே வந்த அவர் மகள் சுகன்யா அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, நிறுத்துங்க. அது எச்சி இல்ல. ரெண்டு நாளு ஒக்காந்து நான் போட்டது."

உண்ணாமலை கையிலிருந்த தேங்காய் நாரைப் பார்த்தாள். பிறகு சம்பந்தத்தைப் பார்த்தாள். "பட்டுக் கடையில எச்சிய வரைஞ்சி வெக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

சம்பந்தத்துக்கும் அதே கேள்விதான். ஆனால் மகளிடம் கேட்டால் பதில் நீளமாக வரும்.

சுகன்யா சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். ராட்டினம் அவள் துறை அல்ல. ராட்டினத்துக்கு நிற்கிற வரிசைதான் அவள் துறை. பேய் வீடு என்றால், வரிசை போகிற வழியெல்லாம் ஒட்டடை, பாதி எழுதின கடிதம், கிழிக்காமல் விட்ட நாட்காட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்து ஒளித்துவைப்பாள். நூறு பேரில் ஒருவர் பார்த்தால் அதிகம். "கண்ணு பாக்கலன்னாலும் மனசு பாத்துரும் பா" என்பாள்.

வேலையை விட்டு அவள் ஆரணிக்குத் திரும்பிய நேரத்தில், சம்பந்தம் புதுக் கடை கட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிற வண்டிகள் எல்லாம் திரும்புகிற முனை. நல்ல இடம். உள் அலங்காரம் முழுக்கத் தன் பொறுப்பு என்று சுகன்யா வாங்கிக்கொண்டாள்.

"பொம்பளைங்க சேலை பாக்க மூணு மணி நேரம் ஆவும். கூட வர ஆம்பளைங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேப்பாங்க. அவங்கதான் பா உங்க க்யூ. அவங்கள ஒக்கார வெக்கணும்."

"சோபா போட்டா போச்சு."

"சோபாவுல ஒக்கார மாட்டாங்க. மூணு மணி நேரம் வாயத் தொறக்காம அவங்க ஒக்கார ஒரே எடம் பஸ் ஸ்டாண்டுதான்."

சம்பந்தம் தலையாட்டினார். அவரே அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, கடையின் முன்கூடம் பஸ் ஸ்டாண்டு ஆயிற்று. சிமெண்டு பெஞ்சு. அதில் ஆணியால் கீறிய 'வீரபாகு, பத்தாவது பி'. பெஞ்சின் இடுக்கில் கசங்கிய பழைய டிக்கெட்டு. தூணில் பாதி கிழிந்த டைப்ரைட்டிங் வகுப்பு நோட்டீஸ். கூரைக்குள் ஒளித்த ஸ்பீக்கரில் கால் மணிக்கு ஒரு தடவை தூரத்து ஹாரன். சுவரில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் வண்டி நேரங்கள். நிஜ பஸ் ஸ்டாண்டில் போய் நின்று எழுதிக்கொண்டு வந்தவை. தப்பான நேரம் போட்டால் உறுத்துமாம். கடையின் பெயர்கூட வெளிச்சுவரில் பழைய சுவர் விளம்பரம் போல மங்கலாகத்தான் இருந்தது. கூடத்தைத் தாண்டி ஒரு படி ஏறினால் சேலைகள். ஒவ்வொன்றையும் விரித்து, மாட்டி, மேலே தனியாக ஒரு விளக்கு.

திறப்பு நாளில் பூசை முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு முதலில் வந்தவள் விருத்தாம்பாள். விடியற்காலையில் ஆரணிக்கு வந்து, ஒரு மெஸ்ஸில் டிபன் சமைத்துப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் கலசப்பாக்கம் திரும்புகிறவள். பலகையைப் படித்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கலசப்பாக்கம் வண்டி போயிடுச்சுங்களா?"

மகளின் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று சம்பந்தத்துக்குப் பட்டது. சிரித்தார். "அது சொம்மாம்மா."

"எது சொம்மா? பத்து இருபது வராதா?"

"வரும். இங்க வராது."

"போர்டுல போட்டுக்கீதே."

போட்டுத்தான் இருந்தது. பத்து இருபதுக்கு வண்டி முனையில் திரும்ப வேகத்தைக் குறைத்தது. விருத்தாம்பாள் ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். "வந்துச்சு பாருங்க," என்று ஜன்னலிலிருந்து அவருக்குச் சொல்லவும் செய்தாள்.

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். வார முடிவில் பெஞ்சில் இடம் இல்லை. சம்பந்தத்துக்கு முதலில் சந்தோஷம்தான். சேலை எடுத்துக் காட்டுவதற்காக மேலே காத்திருந்த அவர் மனைவி ரேணுகாதேவிதான் விஷயத்தைச் சொன்னாள்.

"கூட்டம் கீது. படி ஏறத்தான் ஆள் இல்ல."

"ஏசிக்கு வந்து ஒக்காந்துகிறாங்க," என்றார் சம்பந்தம். அன்றே ஏசியை நிறுத்தினார். அரை மணி நேரத்தில் யாரோ எழுந்து இரண்டு கண்ணாடிக் கதவையும் திறந்து செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். காற்று வந்தது, தூசி வந்தது, கூடவே வேர்க்கடலை வண்டியும் வந்தது. சேலைகளில் தூசி படிவதைப் பார்த்து ரேணுகாதேவியே ஓடிவந்து ஏசியைப் போட்டாள். கடலை வண்டி மட்டும் திரும்பிப் போகவில்லை.

அடுத்து, 'இங்கு பேருந்துகள் நிற்காது' என்று எழுதி மாட்டச் சொன்னார். சுகன்யா எழுதினாள். வேறு மாதிரி எழுதினால் இடத்தோடு ஒட்டாது என்பதால் அதே மஞ்சள், அதே கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் துரு. பார்த்தவர்கள் யாருக்கும் அது மேலிடத்து உத்தரவு என்பதில் சந்தேகம் வரவில்லை.

"இன்னா அநியாயம் இது? இத்தினி பேர் ஒக்காந்துகினு கீறோம், நிக்காதாமா?"

கூடத்திலேயே மனு எழுதப்பட்டது. கல்லாவில் இருந்த சம்பந்தத்திடம் யாரோ காகிதத்தை நீட்டினார்கள். கோயில் திருவிழா நன்கொடைத் தாள் ஏதோ என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மனு போன ஐந்தாம் நாள் வேலு என்கிற கண்டக்டர் உள்ளே வந்தார்.

"மனு பாத்தேங்க. மொதக் கையெழுத்தே உங்களுது. டெப்போல சொல்லிட்டாங்க, இனிமே எல்லா வண்டியும் ரெண்டு நிமிஷம் நின்னு போவும்."

அப்படியே, மூலையில் சுகன்யா வைத்திருந்த மண்பானையில் தண்ணீர் குடித்தார். பலகையை ஏற இறங்கப் பார்த்தார். "சேத்துப்பட்டு வண்டி இப்ப அஞ்சு நிமிஷம் முன்னாடிங்க," என்று சொல்லி, பையிலிருந்த பேனாவால் திருத்திவிட்டுப் போனார். அந்தத் திருத்தல் எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது என்று சுகன்யா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சம்பந்தத்தின் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டாள்.

வண்டிகள் நிற்பதைக் கண்டு செய்யார் கம்பெனி பஸ்ஸும் நின்றது. மதியம் ஷிப்டுக்குப் போகிற முப்பது பேர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். எல்லோரும் சம்பந்தத்திடம்தான் நேரம் கேட்டார்கள். அவருக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருநாள், வண்டியைத் தவறவிட இருந்த ஒரு குடும்பத்துக்காக வாசலுக்கே ஓடி, "சேத்துப்பட்டு, சேத்துப்பட்டு, ஜல்தி வாங்க" என்று குரல் கொடுத்தார். திரும்பியபோது படியில் ரேணுகாதேவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆவணி முகூர்த்தம் பாதி போயிடுச்சு," என்றாள். "நம்பிச் சேலை குடுத்த எட்டு தறிக்காரங்களும் தெனம் போன் பண்ணி எது போச்சு எது போச்சுன்னு கேக்கறாங்க. போனது ரெண்டு. ஒண்ணு எங்க அக்கா எடுத்தது, ஒண்ணு உங்க தங்கச்சி எடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள்ள பஸ் ஸ்டாண்ட எடுங்க. இல்லாட்டி கடைய எடுங்க."

"அம்மா சொல்றது சரிதான் பா," என்றாள் சுகன்யா. "நானே எடுத்துடறேன். திரும்ப சென்னையிலயே வேலை கேட்டுப் பாக்கறேன்."

வியாழக்கிழமை காலை சுரண்டுகிற தகட்டோடு வந்து அந்த வெற்றிலைக் கறையிலிருந்து தொடங்கினாள். சம்பந்தம் பக்கத்தில் போய் நின்றார்.

"நல்லாதான் பண்ணிக்கீற," என்றார்.

"ரொம்ப நல்லா பண்ணிட்டேன் பா. அதான் பேஜார். பேய் வீட்டுல எவனும் குடித்தனம் வரல. அது பொய்யின்னு அவனுக்குத் தெரியும்." சிரிக்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சம்பந்தத்துக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. பெஞ்சில் பத்து இருபதுக்காக விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பாப்பா சொரண்டுது?" என்று அவளே கேட்டாள்.

"எல்லாத்தையும் எடுக்கப் போறோம். வியாபாரம் இல்ல."

"இன்னா வியாபாரம்?"

சம்பந்தம் படிக்கு மேலே கை காட்டினார். குரலை உயர்த்தவில்லை. "நீயும் தெனம் வர. பதினேழு நாளா இங்க ஒக்காந்துகினு கீற. அங்க மாட்டிக்கீற சேலையில ஒண்ணையாவது இன்னா வெலைன்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

விருத்தாம்பாள் எழுந்தாள். சேலைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே பத்து இருபது வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் ஏறப் போகவில்லை.

"அதெல்லாம் விக்கறதுங்களா?" என்றாள் விருத்தாம்பாள். "பட்டுக்குப் பேர் போன ஊருன்னு தெரியட்டும்னு பஸ் ஸ்டாண்டுக்கு அலங்காரமா மாட்டி வெச்சிக்கீறாங்கன்னு இல்ல நாங்க நெனச்சிகினு இருந்தோம்."