தரையில் உரசாத பச்சை கவுன்

பாரிஸில் துணி வெட்டுகிற அத்தனை பேரும் சேர்ந்து செய்த தப்பைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் கோவில்பட்டியில் இருந்தார். மதுரையைத் தாண்டி எங்கும் போகாத லேடீஸ் டெய்லர். ஊருக்கு அவர் பாரிஸ் அண்ணாச்சி. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

எழுபதுகளின் கடைசியில், டெலிபோன் எக்சேஞ்சில் வேலை கிடைத்து, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தனியாக அங்கே போய் இறங்கினேன். என் உயரம் நாலடி ஏழங்குலம். எக்சேஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. வாடகை அறையில் வீட்டுக்காரர் மாட்டியிருந்த கண்ணாடியில் என் நெற்றி மட்டும் தெரியும். ஜாதகம் பொருந்தியும் உயரம் போதாது என்று ஒதுங்கிக்கொண்ட இடங்களைப் பற்றி அப்பா மாதாமாதம் கடிதம் எழுதுவார்.

ரவிக்கை தைக்கப் போனபோது அண்ணாச்சியைப் பார்த்தேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா மகன், கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் ஃபேஷன் புத்தகங்களை அவருக்கு அனுப்புவாராம். கடைச் சுவர் முழுக்க அவற்றிலிருந்து கிழித்து ஒட்டிய வெள்ளைக்காரப் பெண்கள், உயரமான ஒரு மேடையில் நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளைக்குக் காலே நாலடி. இதுக்கு டெய்லர் எதுக்கு? வேலிக் கம்புல போட்டாலும் துணி அழகாத்தான் தொங்கும். நாலரை அடிக்குத் தைச்சுக் காட்டட்டும், அப்பம் ஒத்துக்கிடுதேன்."

திரும்பி என்னைப் பார்த்தார். என் உயரத்தைப் பார்த்ததும் எல்லாரும் 'பாவம்' என்று ஒரு முகம் வைப்பார்கள். இவரோ, காணாமல்போன கத்தரிக்கோல் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

"குட்டை நீங்க இல்ல தங்கச்சி. துணிதான் நெட்டை."

அதுவரை என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. சிரித்தபடி வீட்டுக்கு வந்து, கொஞ்சம் அழுதேன்.

அவருடைய சட்டங்கள் கறாரானவை. இடுப்பை மூன்று விரல் மேலே ஏற்ற வேண்டும். பெரிய பூ போட்ட துணி கூடாது. பூதான் நடந்து வரும், ஆள் தெரியாது. கீழ் ஓரம் தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றுவிட வேண்டும். கரிசல் மண் ஒட்டினால் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாது.

சிக்கல் என்னவென்றால், யாரையும் கேட்காமலே சட்டத்தை அமல்படுத்துவார். பக்கத்து ஊரான இடைசெவலிலிருந்து ஒரு விவசாயி, மகள் கல்யாணத்துக்கு அளவு ரவிக்கை கொடுத்துவிட்டுப் போனார். பெண் குட்டை. 'குனிஞ்சா இன்னும் குட்டையாத் தெரியும்' என்று அண்ணாச்சி கழுத்தைச் சுற்றி அட்டை வைத்துப் பாரிஸ் காலர் தைத்துவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணால் தலை குனிய முடியவில்லை. பொண்ணுக்கு என்ன திமிரு என்று பந்தலே பேசிவிட்டது. மறுநாள் ரவிக்கை கடைக்குள் வந்து விழுந்தது.

அதன்பிறகு கடைப் பக்கம் ஆள் வரத்து நின்றே போனது. அண்ணாச்சி பகலெல்லாம் பேசியது சுவரோடுதான். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் போக்கிடம் கிடையாது. அங்கேதான் போய் உட்காருவேன்.

ஒருநாள் ஒரு பொட்டலத்தை நீட்டினார். மயில்கழுத்துப் பச்சையில் கணுக்கால் வரை ஒரு கவுன். சுவரில் இருந்த ஒருத்தியுடையதை என் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"பாரிஸ்ல நம்ம ஸ்டேஷன் பிளாட்பாரம் மாதிரி மேடை கட்டித்தான் நடக்க விடுதாவ. நீங்களும் நம்ம பிளாட்பாரத்துல ஒரு நடை நடந்து காட்டணும். நான் தள்ளி நின்னு பாத்துக்கிடுதேன். நான் தைச்சது நடந்து பாத்ததே இல்ல தங்கச்சி."

பார்க்கலாம் அண்ணாச்சி என்றேன். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். ஒன்பது மாதம், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே அதைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் நெற்றி தெரிந்தது. எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

திருச்சிக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளை மட்டும் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். கிளம்புகிற அன்று காலை, இனி இந்த ஊர் என்னை என்ன செய்துவிடும் என்று கவுனைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். முந்தின நாள் மழை. தெரு முழுக்கச் சேறு. டீக்கடையில் டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

கடை பூட்டிக் கிடந்தது.

அரைமணி நேரம் நின்றேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன்.

பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அங்கே போனேன். கடை இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக்கு விட்டார்கள். எதிர் டீக்கடைக்காரர் என் உயரத்தை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். அண்ணாச்சி இறந்து ஆறு வருஷம் என்றார்.

"ஊரை விட்டுப் போறவிய ரயிலுக்குத்தான வருவாவ, பிளாட்பாரத்துல நடந்தா பாத்துரலாம்னு விடியமுன்ன ஸ்டேஷனுக்குப் போயிட்டாருல்லா. பொழுதடையத்தான் வந்தாரு. நீங்க போட்டுக்கிட்டு வந்ததைத் தெருவே சொல்லிச்சு. அவரு ஒண்ணுதான் கேட்டாரும்மா, 'தரையில உரசுச்சா'ன்னு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எங்களுக்கு என்ன தெரியும்? நாங்க எல்லாரும் உங்க முகத்தையில்லா பாத்துக்கிட்டு நின்னோம்."

உரசவில்லை, அண்ணாச்சி. திருச்சியில் இறங்கி மடித்து வைக்கும்போது பார்த்தேன். அவ்வளவு சேற்றில் நடந்தும், ஓரத்தில் ஒரு பொட்டு கரிசல் மண் இல்லை.