லோகோவில் இடம் காலி இல்லை

வெற்றிடம் கண்டால் தூக்கம் வராத ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வெள்ளைத் தாளின் நடுவே புள்ளி வைத்து நீட்டுங்கள். நீங்களும் நானும் புள்ளியைப் பார்ப்போம். இவர்கள் சுற்றியிருக்கும் வெள்ளையைப் பார்த்து, "இத்தனை எடத்த ஏனுங்க சும்மா போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கவலைப்படுவார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் இவர்களுடைய கைவரிசையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அதெல்லாம் ஒத்திகை. முழு வீச்சில் இறங்குவது புதுத் தொழிலுக்கு லோகோ போடும்போதுதான்.

சூலூர் மாரப்பன் இந்த இனத்தில் முதல் தரம்.

இருபத்தெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டிவிட்டு, தறிகளை விற்று வீட்டில் உட்கார்ந்தவர். அவர் மனைவி வள்ளியாத்தாள் உட்காரவில்லை. ஆறு வருஷமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருக்காரர்களும் தூக்குப்போசியோடு வந்து நிற்கவே, பாக்கெட்டில் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார். பெரிய கிரைண்டர் வாங்கியதும், லைசென்ஸுக்கு அலைந்ததும், நூல் மில் வேலையை விட்டுவிட்டு வா என்று எதிர்வீட்டு அன்புக்கரசியைக் கூட்டிவந்ததும் எல்லாம் அவரே. மிச்சமிருந்தது கவரும் லோகோவும்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றார் மாரப்பன்.

பார்த்துக்கொண்டார்.

கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு மாடி அறையில் சமீரா என்ற பெண் டிசைன் வேலை செய்கிறாள். நாலு நாளில் அவள் ஒரு லோகோ வரைந்து காட்டினாள். 'வள்ளி மாவு' என்று தடித்த பச்சை எழுத்து. 'ள்' மேலிருக்கும் புள்ளி மட்டும் உப்பலாக, வெள்ளையாக, ஓர் இட்லி. அவ்வளவுதான்.

"அட, புள்ளி இட்லியாட்டம் இருக்குது பாருங்க!" என்று வள்ளியாத்தாள் சிரித்துவிட்டார்.

மாரப்பன் சிரிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மிச்சமெல்லாம் எப்ப அம்மணி போடுவீங்க?"

"இவ்வளவுதானுங்கண்ணா. கடையில நூறு பாக்கெட் அடுக்கியிருக்கும். போற போக்குல ஒரு நொடி பார்க்கறவங்க மனசுல நிக்கணும். நகத்தளவுக்குச் சுருக்கினாலும், கறுப்பு வெள்ளையில அடிச்சாலும் தெரியணும். ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதுங்கண்ணா."

மாரப்பன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு யோசனையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதை மரியாதையாகக் கேட்டு முடிப்பது வழக்கம்.

"ரொம்ப அருமையாச் சொன்னீங்க கண்ணு. அப்படியே இருக்கட்டும். ஓரத்துல ஒரு கோபுரம் மட்டும் வெச்சுருங்க."

கோபுரம் வந்தது. கோபுரம் வந்தால் பின்னால் மலை வேண்டாமா? மலை வந்தால் அதிலிருந்து ஓர் ஆறு இறங்க வேண்டாமா? ஆற்றங்கரை மொட்டையாக இருக்கலாமா என்று இரண்டு தென்னை மரமும், மரத்தடியில் ஒரு காங்கேயம் காளையும், காளைக்கு எதிரே கல் ஆட்டுரலும், நாளைக்கு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது தேவைப்படுமே என்று இப்போதே ஓர் உலக உருண்டையும், உருண்டையைச் சுற்றி நெற்கதிர் வளையமும், அதற்கு மேல் ஐந்து நட்சத்திரமும் வந்து சேர்ந்தன. நட்சத்திரம் யார் கொடுத்தது என்று சமீரா கேட்டாள். "நம்ம கொடுத்ததுதானுங்க" என்றார்.

பிறகு சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்டார். அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்குக்கூட 'நன்றாக இருக்கிறது' என்று விட மனமில்லை. ஒரு சித்தப்பா, மாவுக்கு யானை பலம் உண்டு என்று காட்ட யானை வை என்றார். யானை வந்தது. தொண்டாமுத்தூரில் தோப்பு வைத்திருக்கும் அக்கா மகன் சுரேந்தர் உடனே போன் செய்தான்.

"ஏனுங் மாமா, போன வாரந்தான் நாப்பது தென்னம்பிள்ளைய மிதிச்சுப்போட்டுப் போயிருக்குது. நீங்க அதைய மாலை போட்டு நடுவுல நிறுத்தியிருக்கீங்க?"

யானை போயிற்று. போன இடம் சும்மா இருக்குமா? தோகை விரித்த மயில் வந்தது.

ஒவ்வொன்று சேரும்போதும் மாரப்பனுக்கு மார்பு ஓர் அங்குலம் அகன்றது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் போனை நீட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, "இந்தக் காளை கண்ணைப் பாருங்க, எத்தனை தத்ரூபம்!" என்பார். மாவு வாங்குகிறவர் பாக்கெட்டை இரண்டு விரலால் பெரிதாக்க முடியாது என்பதை அவரிடம் யார் சொல்வது?

சமீரா சொல்லிப் பார்த்தாள். நிஜ அளவில், தீப்பெட்டி அகலத்துக்கு அச்செடுத்துக் காட்டினாள்.

"ஏன் கண்ணு, மங்கலா இருக்குது?"

"பத்துப் பன்னெண்டு சமாச்சாரம் இந்தத் துண்டு எடத்துல நிக்குதுங்கண்ணா."

"அடுத்த வாட்டி நல்ல பிரிண்டரா வாங்குங்க."

வீட்டில் வள்ளியாத்தாள் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தார். "ஏனுங்க, மாவு புளிக்கறதுக்குள்ள படம் முடிஞ்சுருமுங்களா?"

முடிந்தது. பத்தாயிரம் கவர், எட்டு வண்ணம்.

பஸ் ஸ்டாண்டு எதிரே மைதீன் பிச்சையின் மளிகைக் கடை. முதல் நாள் நாற்பது பாக்கெட்டைக் கண்ணாடி பிரிட்ஜில் அடுக்கிவிட்டு, மாரப்பன் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். திருப்பூர் பஸ்ஸில் இறங்கி வந்த ஓர் அம்மா பாக்கெட்டை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"பாய், இது மாட்டுத் தீவனமுங்களா? இதைய எதுக்குப் பிரிட்ஜுல வெச்சிருக்கீங்க?"

அடுத்து வந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "எந்தக் கோயில் கும்பாபிஷேகமுங்க?"

மாரப்பனுக்கு ஸ்டூல் குத்தியது. ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் போனபோது முப்பத்தோரு பாக்கெட் அப்படியே இருந்தன. அப்படியே என்று சொல்லக்கூடாது. மாவு பொங்கி, கவர் பலூனாக உப்பி, லோகோ ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அன்றைக்குத்தான் மயில் மயிலாகத் தெரிந்தது.

"எடுத்துக்கிட்டுப் போயிருங்கண்ணா. வெடிச்சுதுன்னா பால் பாக்கெட்டெல்லாம் வீணாயிரும்" என்றார் மைதீன் பிச்சை.

அன்று மாலை அன்புக்கரசி கிரைண்டரைக் கழுவிக்கொண்டே, "அக்கா, நாளைக்கு வாரதுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். மில்லில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. மாரப்பன் காதிலும் விழுந்தது. அவர் செய்தித்தாளில் வரி விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார். ஒரே வரியை.

"வா" என்றார் வள்ளியாத்தாள். "வெடியால நாலு மணிக்கே வந்துரு."

மறுநாள் அவர் யாரையும் கேட்கவில்லை. வெறும் கண்ணாடிக் கவரில் மாவை ஊற்றி, வாயை முறுக்கி, சிவப்பு ரப்பர் பேண்டு போட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டார். உள்ளே இருப்பது மாவு என்று பார்த்தவுடனே தெரிந்தது. வாங்கினார்கள். அடுத்த நாளும் வந்து வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் அதற்குப் பெயரே விழுந்துவிட்டது: "பாய், செவப்பு ரப்பர் மாவு ரெண்டு குடுங்க."

ஒரு நாள் சிவப்பு தீர்ந்துபோய்ப் பச்சை ரப்பர் போட்டு அனுப்பியிருந்தார்கள். மாரப்பன் கடையில் நின்றிருந்தார். முன்பு கும்பாபிஷேகம் கேட்ட அதே பெரியவர் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இது டூப்ளிகேட்டுங்க. ஒரிஜினல் செவப்புல வரும்."

மாரப்பனுக்கு எங்கோ சுருக்கென்றது. மூன்று மாதம், அறுபத்து மூன்று பேர், எட்டு வண்ணம். எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு ரப்பர் துண்டு செய்திருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மெல்லக் கேட்டார்: "அந்த ரப்பர்... யாரு யோசனை?"

"யோசனையெல்லாம் இல்லீங்க. டப்பாவுல அந்தக் கலர்தான் நெறைய இருந்துது."

அடுத்த வாரம் வள்ளியாத்தாளே சமீராவிடம் போய், மேஜைமேல் ஒரு ரப்பர் பேண்டை வைத்தார். சமீரா ஒரு சிவப்பு வளையம் வரைந்தாள். கீழே 'வள்ளி மாவு'. சுற்றிலும் வெள்ளை. பத்து நிமிஷம். கூடப் போயிருந்த மாரப்பன் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் வள்ளியாத்தாள் திரும்பிப் பார்த்தார். மூன்று முறையும் மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தியாகம் அதுதான்.

இன்றைக்கு அந்த வளையம் பல்லடம் வரை போகிறது. அன்புக்கரசியோடு இன்னும் மூன்று பேர் அரைக்கிறார்கள். மாரப்பனைக் கல்யாண மண்டபங்களில் பார்க்கலாம், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "லோகோன்னா எளிமையா இருக்கோணுமுங்க. ஒரு வளையம் போதும். நான் அன்னைக்கே சொன்னேன்" என்று விளக்கிக்கொண்டிருப்பார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு வளையத்தைப் பற்றிப் படித்தபோது, அதற்கடியில் ஒரு வாழையிலை இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா, இல்லையா?

சின்ன இலைதான். ஓரமாகத்தான்.