பயறுக்கு நான் பார்த்த நனோ வைத்தியம்

அறிவைத் தலையில் ஏற்றிக்கொள்வதில் ஆபத்தில்லை. ஏற்றிய கையோடு அதை மாமனாரின் வயலில் இறக்கிவைப்பதில்தான் ஆபத்து.

கல்யாணமான புதிது. திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் மாமாவுக்கு வயல் இருந்தது. நெல் அறுத்த பிறகு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு விதைத்திருந்தார். மழை எட்டியும் பார்க்கவில்லை. நெல்லும் சரியாக விளையாத வருடம். பயறும் போனால் வீட்டில் கஷ்டம்தான்.

நான் அப்போதுதான் ஒரு விவசாயக் கருத்தரங்குக்குப் போய், கையில் ஒரு போத்தலோடு வந்திருந்தேன். (மதியச் சாப்பாட்டுக்காகப் போனது வேறு கதை.)

"மாமா, இது நனோ உரம். துகள் அவ்வளவு சின்னன். இலையில அடிச்சா நேரா உள்ள போகும்."

"மழை வராட்டியும் பயறு தாங்குமோ, தம்பி?"

கொஞ்ச நாள் தாங்க உதவும் என்றுதான் கருத்தரங்கில் சொன்னார்கள். நான், "ஓம் மாமா, ஒட்டகம் மாதிரி நிக்கும்" என்றேன்.

பக்கத்து வயல்காரரிடம் மருந்தடிக்கும் மெசினை இரவல் வாங்கி, வெயில் ஏறுமுன் வயல் முழுக்க அடித்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு வரப்பில் நின்று சொற்பொழிவும் ஆற்றினேன். (கைதட்டல் இல்லை. அவர்கள் கையில் மண்வெட்டி இருந்ததால் என்று எடுத்துக்கொண்டேன்.)

சில நாட்களில் பயற்றந்தண்டுகள் முறுக்கிக்கொண்டன, இலைகள் சுருண்டன. நடுவே நின்ற புல் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது.

"உங்கட நனோ புல்லுக்கு நல்லா வேலை செய்யுது, தம்பி," என்றார் மாமா.

என் மனைவி ஜெனிற்றா மெசின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"இதைக் கழுவினீங்களோ?"

"உரம்தானே எண்டு..." என்று இழுத்தேன்.

பக்கத்து வயல்காரர் நெல்லுக்குள் முளைத்த அகன்ற இலைக் களைகளுக்கு அடித்த மருந்து அடியில் மிச்சம் கிடந்திருக்கிறது. அந்த மருந்து நெல்லையும் புல்லையும் தொடாது. பயறு அதன் கண்ணுக்குச் சுத்தமான களை. ஆக, நனோ உரம் குற்றமற்றது. அந்தத் தீர்ப்பைக் கேட்கப் பயறுதான் உயிரோடில்லை.

மாமா ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். செத்த செடிகளை இருவரும் சேர்ந்து பிடுங்கியபோது மட்டும் சொன்னார்: "மழையால போயிருந்தா மழையை ஏசியிருப்பன். மருமகனை எப்பிடி ஏசுறது?"

இன்றைக்கும் நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் வீட்டில் யாரும் உடனே குடிப்பதில்லை. மாமா கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், "கழுவினதோ, தம்பி?" என்று கேட்பார். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தால், ஏன் கேட்கிறார் என்று ஜெனிற்றா முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள்.