சட்டைப் பைக்கு நெஞ்சளவு கிடையாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதக்கூடிய நிலைமைக்கு இன்று காலையில்தான் வந்து சேர்ந்தோம். நேற்று எழுதியிருந்தால் முதல் வரியிலேயே பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் உங்கள் மனைவி, "அப்பா, போதும்ப்பா, கடையை மூடிட்டுக் கிளம்பி வாங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் நம் ஒப்பந்தத்தை நினைவுபடுத்துகிறேன். போன தடவை வந்திருந்தபோது நீங்கள் சொன்னது இது: "மாமா, இந்தப் புது ஹோட்டல் ஆர்டரை கம்ப்யூட்டர்ல போட்டு ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, கடையை மூடுங்கன்னு நாங்க இனிமே வாயே திறக்க மாட்டோம். சொதப்பிட்டா ரெண்டு பேரும் மூட்டை முடிச்சோட எங்க வீட்டுக்கு வந்துடணும்." நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். உங்கள் வீடு நல்ல வீடு, குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே எனக்கு என்ன வேலை? நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்துகொண்டு, வந்து போகிறவர்களின் தோள் அளவைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கத்தரி பிடித்த கையில் ரிமோட்டைக் கொடுத்தால் ஒரே மாதத்தில் படுத்துவிடுவேன். ஆகவே தையல் கடைக்காரனான எனக்கு இது வெறும் சட்டை ஆர்டர் இல்லை, என் தலையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் முப்பது பேர். ஆளுக்கொரு சட்டை, சட்டைப் பையில் அவரவர் வேலையின் பெயர் பூவேலையில் இருக்க வேண்டும். நீங்கள் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்த ஷீட்டில் முதல் வரிசையில் வேலை, அடுத்தடுத்து நெஞ்சு, இடுப்பு, தோள், கை நீளம் என்று என் ஒற்றை விரலாலேயே தட்டி முடித்தேன். மரியாதைக்காக மேலாளரை முதலில் போட்டேன். அளவு எழுதிய துண்டுச் சீட்டுகளை, "இனிமே காகிதமே வேண்டாம் மாமா" என்று நீங்கள் சொன்னதை நம்பிக் குப்பையில் போட்டேன். பிறகு சமையல்காரர்களின் சட்டையை முதலில் வெட்டலாம் என்று அந்தப் புனல் படத்தை, அதுதான் உங்கள் ஃபில்டரை, அமுக்கி 'சமையல்' என்று தேர்ந்தெடுத்தேன். அமுக்கியதுதான் தாமதம், சமையல்காரர்கள் ஆறு பேர் மட்டும் நிற்கிறார்கள், மற்ற அத்தனை பேரும் போன இடம் தெரியவில்லை. மேலாளரே இல்லை! உடனே உங்களுக்குப் போன் செய்தேன், நீங்கள் சிரித்தது நினைவிருக்கும். "அவங்க எங்கயும் போகல மாமா, ஒளிஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். புனலைத் திரும்ப அமுக்கி எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க." சொன்னேன். எல்லாரும் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து வரிசையில் நின்றார்கள். மாமனாரோடு ஒளிந்து விளையாடும் யந்திரத்தை மாமனாருக்கே பரிசளித்த முதல் மாப்பிள்ளை நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அந்தப் பயத்தில் அன்று கத்தரியையே தொடவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் சட்டைகளை வெட்ட ஆரம்பித்தோம். கட்டிங் மாஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, மேலாளர் இவ்வளவு குண்டா?" என்றார். "ஹோட்டல்ல சாப்பாடு சும்மாதானேய்யா, வெட்டு" என்றேன். முப்பது பேரை ஒரே நாளில் அளந்தவனுக்கு எந்த இடுப்பு எந்த முகத்தினுடையது என்று எப்படி நினைவிருக்கும்? ஷீட் சொன்னது, வெட்டினோம், தைத்தோம், உங்கள் அத்தை பட்டன் கட்டினாள், இஸ்திரி போட்டு அடுக்கியதைப் பார்த்தபோது எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

நேற்றுக் காலை ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கொண்டுபோய் விரித்தோம். மறுநாள் திறப்பு விழா. மேலாளர் ஒல்லியான மனிதர், சட்டையைப் போட்டார், சட்டைக்குள் காணாமல் போனார். கை விரல்கூட வெளியே வரவில்லை. "ஏங்க, இது எனக்குத் தைச்சதா, என் ரூம் சோபாவுக்குத் தைச்சதா?" என்றார். அதற்குள் தலைமைச் சமையல்காரர் மூச்சை உள்ளே இழுத்துப் பட்டனைப் போட்டு, இழுத்த மூச்சை விட்டார், பட்டன் பறந்துபோய்த் தண்ணீர் டம்ளரில் டங்கென்று விழுந்தது. வரவேற்பில் நிற்கும் பெண்ணின் சட்டை அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மாப்பிள்ளை, அந்த நிமிடத்தில் உங்கள் வீட்டு சோபா என் கண் முன்னால் வந்து நின்றது, ரிமோட்டோடு.

கட்டிங் மாஸ்டர்தான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, திரையைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "முதலாளி, மேலாளரைத்தானே முதல்ல போட்டீங்க? இங்க முதல்ல 'காவல்' இருக்கு, கடைசில 'வரவேற்பு' இருக்கு. எல்லாம் அகரவரிசையில நிக்குது!" அப்போதுதான் புரிந்தது. வேலைப் பெயர்கள் மட்டும் எழுந்து அகரவரிசைப்படி இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்தில் இருந்த அளவுகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சார்ட் செய்யும்போது, அதாவது அகரவரிசையில் அடுக்கும்போது, எல்லா வரிசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்ன அதே விஷயம். நான் அந்தப் பட்டன் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். உங்கள் அத்தை, "உங்க கைதான் தவறிப் பட்டிருக்கும்" என்கிறாள். பட்டிருக்கலாம், யார் கண்டது?

ஆனால் பாருங்கள், நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, தலைமைச் சமையல்காரர் கோபத்தில் 'தோட்டம்' என்று போட்ட சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போல அப்படியே பொருந்தியது. பொருந்தாமல்? அது அவரை அளவெடுத்துத் தைத்ததுதானே! பெயர்தான் மாறியிருக்கிறதே ஒழிய அளவு ஒன்றுகூடக் கெடவில்லை, முப்பது உடம்புக்கும் முப்பது சட்டை அங்கேயேதான் கிடக்கிறது. அவ்வளவுதான், கூடமே சந்தையாகிவிட்டது. "இங்க குடு", "அதைக் கழட்டு", "வயித்தை எக்காதே" என்று ஒரே கூச்சல். கால் மணி நேரத்தில் எல்லாரும் கச்சிதமாக நிற்கிறார்கள். மேலாளரின் நெஞ்சில் 'காவல்' என்று இருந்தது. லிஃப்ட் இயக்குகிறவரின் நெஞ்சில் 'மேலாளர்'. அவர் அதைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பக்கத்தில் நின்றவரிடம், "ஏன் லேட்டு?" என்றார்.

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "சட்டை நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கு வர்றவங்களை நான் 'காவல்'னு எழுதிக்கிட்டா வரவேற்க முடியும்? பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க." அப்போது உங்கள் அத்தை, அதுவரை மூலையில் ஒதுங்கி நின்றவள், முன்னால் வந்து, "பேரு பைலதானே இருக்கு? பைக்கு ஏதுங்க நெஞ்சளவு? எல்லாப் பையும் ஒரே அளவுதான். பிரிச்சு மாத்தித் தைச்சா ஆச்சு" என்றாள். சொல்லிவிட்டு யார் பதிலுக்கும் காத்திருக்காமல் லிஃப்ட்காரரை நிற்கவைத்து அவர் நெஞ்சிலிருந்தே பையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் பாவம், மேலாளர் பதவி போவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிங் மாஸ்டர் தையல் மெஷினை வண்டியில் கொண்டுவந்தார், நான் அங்கேயே உட்கார்ந்து தைத்தேன், பொழுது சாய்வதற்குள் முப்பது பையும் முப்பது நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தன. மேலாளர் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "தோள் இவ்வளவு சரியா எனக்கு யாரும் தைச்சதில்ல" என்றார். இன்று காலை திறப்பு விழா முடிந்த கையோடு திரைச்சீலை வேலையும் நமக்கே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாடா! எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகவே ஒப்பந்தப்படி கடை மூடப்படாது, நாங்கள் இருவரும் இங்கேயே இருப்போம். உங்கள் அத்தைக்கும் இதில் பரம சந்தோஷம். அவள் பையைப் பிரித்த வேகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும், இந்தக் கடைமேல் என்னைவிட அவளுக்குத்தான் உயிர்.

இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல், அளவாகவும் அழகாகவும் உங்கள் குடும்பம் நீடூழி வாழ வாழ்த்தும்,

மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தார், இது அத்தை எழுதறேன் மாப்பிள்ளை. பட்டது அவர் கை இல்ல, என் கை. நீங்க சொல்லிக் குடுத்தப்ப அவர் தலையை ஆட்டினார், நான் கத்துக்கிட்டேன். பேர் வரிசையை மட்டும் பிடிச்சு அடுக்கச் சொன்னேன். பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து அடுக்கட்டுமான்னு அது மரியாதையாத்தான் கேட்டுச்சு, நான்தான் வேண்டாம்னேன். ஆர்டர் கெட்டா உங்க வீட்டுக்கு வந்துடலாம், பேத்தி தத்தித் தத்தி நடக்கறதைப் பக்கத்துல இருந்து பாக்கலாம்னு ஆசை. போன்லயே எத்தனை நாளைக்குப் பாத்துட்டு இருக்கிறது? ஆனா அந்தக் கூடத்துல இவர் முகம் போன போக்கைப் பாத்ததும் மனசு கேக்கல, நானே பையைப் பிரிச்சேன். இதை இவர்கிட்ட சொல்லிடாதீங்க. கடை இவருக்கே இருக்கட்டும். அடுத்த வாரத்துக்கு எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டுடுங்க. வர்றதுக்கு மட்டும் போட்டாப் போதும், திரும்பறதை அப்புறம் பாத்துக்கலாம்.