கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள்

கண்டக்குழி
03.05.2016

அன்பு மருமகன் ஃபாஹிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் உமது உடம்புக்கும் கம்பியூட்டர் வேலைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இங்கே உமது மாமி கமறியா, மகள் ஸஹ்றா, நான், கரையில் வாடகைக்கு விடுகிற நம் கபானாவின் நாலு அறைகள், எல்லோரும் சுகம். அறைகள் கூடுதலான சுகம், ஏனென்றால் அவற்றில் யாரும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உமது உம்மா, அதாவது என் தங்கச்சி, ஸஹ்றாவை உமக்குக் கேட்டபோது நான் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டேன். சோளகக் காற்று தொடங்கி ஆட்கள் வருவதற்குள் கபானாவுக்கு ஒரு வெப்சைட் செய்து தரட்டும், கைவேலையைப் பார்த்துவிட்டுப் பேச்சை முடிப்போம் என்றேன். செய்து தந்தீர். படம் நல்லம், கடல் நல்லம், என் முகம்கூட நல்லம். ஆனால் அறை பதிகிற பக்கத்தில் பெயர், தேதி, ஆட்கள் எத்தனை என்று எழுதப் பெட்டிகள் இருக்க வேண்டுமாமே, அவற்றைத்தான் நான் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி, அதைச் சுற்றி ஒரு கோடு கிடையாது, உள்ளே எழுதினால் எழுத்து சாம்பல் நிறம். ஃபோனில் கேட்டதற்கு, "பெட்டிக்குக் கோடு போடுறது பழைய பாணி மாமா, இப்ப எல்லா இடத்திலயும் இப்படித்தான்" என்றீர். ஏசி போட்ட அறைக்குள் இருந்து பார்க்க அது அழகாகத்தான் இருக்கும். நம் கரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெள்ளை மணலில் நின்றுகொண்டு ஃபோனைப் பார்த்தால் தன் விரலே தனக்குத் தெரியாது. போன கிழமை இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடுகிற வெள்ளைக்காரி ஒருத்தி, தன் சிநேகிதர்களுக்கு அறை பதியப் போய், பெட்டி எங்கே என்று ஃபோன் கண்ணாடியைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் பக்கத்தில் நின்று துவாயை விரித்து நிழல் பிடித்தேன். இந்த வயதில் எனக்கு ஒரு புதுத் தொழில் தேடித் தந்த பெருமை உம்மைச் சேரும்.

அடுத்தது, எந்தப் பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பதை வெளியே எழுதாமல், பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதி வைத்திருக்கிறீர். ஒரு எழுத்தைத் தட்டியதும் அது மறைந்துவிடுகிறது. நம்மைப் போன்ற ஞாபகசக்தி உள்ளவர்களுக்கு நல்ல பயிற்சிதான். ஒரு மனிசன் தேதியை எழுத வேண்டிய பெட்டியிலும் எழுதி, ஆட்கள் எத்தனை என்ற பெட்டியிலும் எழுதிவிட்டான், பதினாலாம் தேதி என்பது பதினாலு ஆட்களாகி என்னிடம் வந்து சேர்ந்தது. மாமி கரைக்கு ஆள் அனுப்பி முழுப் பாரைமீன் ஒன்று எடுப்பித்து, பதினாலு பேருக்கு ஆணம் காய்ச்சி, இருக்கிற கதிரையெல்லாம் துடைத்துப் போட்டுக் காத்திருந்தாள். வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள். அந்த மீனை நாங்கள் மூன்று நாள் தின்றோம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். அந்தச் சிவப்பைத்தான் என்னால் விட முடியவில்லை. பெட்டியில் விரல் பட்டவுடன் அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. இத்தனை நேரம் ஒளிந்திருந்த பெட்டி தன்னைக் காட்டிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த நிறம் அதுதான். நம் கரையில் சிவப்புக் கொடி ஏறினால் ஒருவனும் வள்ளத்தைத் தள்ள மாட்டான் என்பதைக் கொழும்பு மறக்கடித்துவிட்டதோ தெரியவில்லை. இங்கே சிவப்பு என்றால் திரும்பிப் போ என்று அர்த்தம். தபாற்கந்தோரில் எனக்கு மேலதிகாரியாக இருந்த உடப்புத் தமிழர் அருமைநாயகம் அண்ணனை உமக்குத் தெரியும், சண்டைக் காலத்தில் சாவடிக்குச் சாவடி பெயரைப் பார்த்தே இறக்கி நிறுத்தப்பட்டவர். கனடாவிலிருந்து வரும் மகளின் குடும்பத்துக்கு இரண்டு அறை பதிய உட்கார்ந்திருக்கிறார். பெயரை எழுதினார், பெட்டி சிவந்தது. அழித்துவிட்டு முழுப் பெயரையும் எழுதினார், அதற்கும் சிவந்தது. பிறகு எனக்கு ஃபோன் எடுத்தார். கோபமாகப் பேசியிருந்தாலும் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, சண்டை முடிஞ்சு ஏழு வருஷமாச்சு. இன்னும் என்ட பேரைக் கண்டா சிவக்குதோ?"

யார் விரல் வைத்தாலும் அது அப்படித்தான் சிவக்கும், அது என் மருமகன் செய்த அலங்காரம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சரி சரி என்று வைத்துவிட்டார்.

ஆகவே மருமகன், தன் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும், அடுத்தவன் தடுமாறட்டும் என்று நினைக்கிற ஒருவருக்கு என் ஒரே மகளைத் தர எனக்கு மனம் வரவில்லை. பேச்சு எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று உமது உம்மாவிடம் நீரே சொல்லிவிடும். இது என் கடைசி முடிவு.

அல்லாஹ் உமக்கு நீண்ட ஆயுளையும், மற்றவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு வேலையைச் செய்யும் புத்தியையும் தருவானாக. மாமி ஸலாம் சொல்கிறாள். ஸஹ்றாவிடம் நான் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்,
மாமா அத்தாஉல்லா

பி.கு.: எந்தக் கடிதத்தையும் வீட்டில் வாசித்துக் காட்டாமல் நான் ஒட்டுவதில்லை. இதையும் வாசித்தேன். அருமைநாயகம் அண்ணனின் இடம் வந்ததும் ஸஹ்றா அழத் தொடங்கிவிட்டாள். "வாப்பா, மச்சான் அனுப்பின பெட்டியெல்லாம் கறுப்புக் கோட்டோட, வெளிய பேர் எழுதி, நல்லாத்தான் இருந்திச்சி. கந்தோர்ப் படிவம் மாதிரி ஈக்கிண்டு நெனச்சி மாத்தினது நான்தான். அவருக்கு ஏசாதீங்க" என்றாள். கற்பிட்டிக் கம்பியூட்டர் வகுப்பில் படித்ததையெல்லாம் நம் கபானாவில் பரீட்சை பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை, இரண்டு மாதமாக என்னிடம் இத்தனை ஏச்சு வாங்கியும் நீங்கள் அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது. சிவப்பை உடனே எடுத்துவிட்டாள், அண்ணனுக்கு அவளே ஃபோன் எடுத்து மன்னிப்பும் கேட்டாள், அவர் இரண்டு அறையையும் ஃபோனிலேயே பதிந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேலே எழுதியிருப்பதை வாசிக்க வேண்டாம். மற்றப் பெட்டிகளை இன்றைக்கு மகளோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். எனக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் மிகவும் அழகாக இருக்கின்றன.