ஒத்தடத்துக்கு வாங்கின சிபிடி பூ

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லூயிஷாமுக்குப் போய் ஒரு போத்தல் சிபிடி எண்ணெய் வாங்கிக்கொண்டு வரவேணும்.

என்ர மனுசனுக்கு வெயர்ஹவுசில பெட்டி தூக்கித் தூக்கித் தோள் நோ. கூட வேலை செய்யிற ஆள் சொன்னாராம், அந்த எண்ணெய் பூசினால் சுகமாம் எண்டு. கஞ்சாச் செடியின்ர குடும்பம்தானாம். ஆனா குடும்பத்தில இது நல்ல பிள்ளையாம், வெறி வராதாம்.

நான் ஏழாம் வகுப்போட நிண்ட ஆள். கடையில பிழையான சாமானைத் தந்தாலும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வாற சாதி.

கடைக்காரர் பிரான்சில இருந்து வந்த தமிழ் ஆள்.

"எண்ணெய் முடிஞ்சுது தங்கச்சி. பூ கிடக்கு. அதே சாமான்தான்."

பார்த்தால் பச்சையாக் காய்ஞ்ச பூ. எனக்கு உடனே ஒத்தடம் ஞாபகம் வந்திட்டுது. எண்ணெயெண்டால் சேட்டில கறை பிடிக்கும். இது இன்னும் வசதி.

"அண்ணை, இது சட்டப்படி சரியோ?"

"பிரான்சில சரி."

"இங்க?"

"இங்க நான் கடை போட்டு மூண்டு வருசம். ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்கு அது நல்ல பதிலாத்தான் பட்டுது.

பைக்கற்றுக்குப் பின்னால 'நினைவுப்பொருள். சாப்பிடவோ புகைக்கவோ கூடாது' எண்டு கிடந்தது. நான் ரெண்டும் செய்யப்போறேல்லைத்தானே. மகளுக்குக் கட்டுற நாப்பி வைச்ச பைக்குள்ள அதைப் போட்டு, பிராம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரெயில் ஸ்ரேசனுக்கு வந்தன்.

அங்க ஒரு பொலிஸ்காரர் நாயோட நிக்கிறார். பிராமில இருந்த மகள் நாய்க்கு பிஸ்கற்றை நீட்டினாள். நாய் பிஸ்கற்றைப் பார்க்கேல்லை. நாப்பிப் பையை மணந்துபோட்டு என்ர காலடியில இருந்திட்டுது.

பாவம், களைச்சுப் போச்சு எண்டு நினைச்சன்.

"மேடம், பைக்குள்ள என்ன?"

"நாப்பி."

"வேற?"

அவரே பைக்கற்றை எடுத்தார். "இது கஞ்சாப் பூ. சட்டவிரோதம்." எடுத்தார் ஒரு கொப்பி. "உங்கட பேர்?"

போன மாசம்தான் இந்த நாட்டுச் சிற்றிசன் ஆக விண்ணப்பம் போட்டனான். ஏதும் குற்றம் செய்தனீங்களோ எண்டு கேட்ட இடத்தில 'இல்லை' எண்டு போட்டு அனுப்பியிருக்கிறன். இவர் பேரை எழுதினால் அதோட எல்லாம் முடிஞ்சுது.

பயத்தில எனக்குள்ள இருந்த இங்கிலீசு முழுக்க வெளியில வந்திட்டுது.

"சேர், கடையில லைற் போட்டு வெளிப்படையா விக்கினம்."

"எண்ணெய் விக்கலாம். பூ விக்க ஏலாது."

"எண்ணெய் எதில இருந்து வருது?"

"அந்தச் செடியில இருந்து."

"பூ?"

"அதுவும் அந்தச் செடிதான்."

"அப்ப?"

"சட்டம் அப்பிடித்தான் மேடம்."

நாயும் அவரைத்தான் பார்த்தது.

"இதைப் புகைக்கவோ கொண்டு போறீங்கள்?"

"இல்லை சேர். வறுக்க."

"வறுக்கவோ?"

"உப்போட வறுத்து, துணியில கட்டி, மனுசன்ர தோளில வைக்க."

அவருக்கு விளங்கேல்லை. நான் ஒரு புது நாப்பியை எடுத்துப் பொட்டலமாச் சுருட்டி, சூடு பார்க்கிற மாதிரிப் புறங்கையில தொட்டு, என்ர தோளில ஒத்தி ஒத்திக் காட்டினன். ரெயினுக்கு ஓடுற சனம் எங்களைச் சுத்திக்கொண்டு ஓடிச்சுது. நாலு பேருக்கு முன்னால தும்மக்கூட வெக்கப்படுற நான், லூயிஷாம் ஸ்ரேசனில நாப்பியால ஒத்தடம் குடுத்துக்கொண்டு நிக்கிறன்.

பொலிஸ்காரர் தன்ர வலது தோளைத் தொட்டார்.

"இந்த இடத்திலயும் வைக்கலாமோ? நாய் இழுத்து இழுத்து நோகுது."

"ஓம் சேர். சுடச்சுட மட்டும் வைக்கக்கூடாது."

"பூ இல்லாட்டியும் கேக்குமோ?"

"ஓம் சேர். உண்மையில கேக்கிறது உப்பின்ர சூட்டுக்குத்தான்."

அதைச் சொன்னாப் பிறகுதான், அப்ப நான் ஏன் பூ வாங்கினனான் எண்ட கேள்வி எனக்கே வந்தது.

அவர் பூவைத் தன்ர பைக்குள்ள போட்டார். "இந்த முறை விடுறன். இனி வாங்கவேண்டாம். என்ன உப்பு?"

"கல்லுப்பு சேர்."

என்ர பேரை எழுத எடுத்த கொப்பியில அவர் எழுதினது அது மட்டும்தான்.